பால், ஆறு, எலும்பு: ஒரு மருந்து போகும் மூன்று வழிகள்

மடிநோய் வந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடப்படுகிறது. மருந்து ரத்தத்தில் கலந்து மடிக்குப் போய்க் கிருமியைக் கொல்கிறது. அதோடு அதன் வேலை முடியலாம், பயணம் முடிவதில்லை. ஒரு பங்கு பாலில் இறங்குகிறது. பெரும்பங்கு சிறுநீரிலும் சாணத்திலும் வெளியேறி எருக்குழிக்கும், அங்கிருந்து வயலுக்கும், மழையோடு ஆற்றுக்கும் போகிறது. டெட்ராசைக்ளின் வகை மருந்தானால் இன்னொரு பங்கு எலும்பின் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு நெடுங்காலம் அங்கேயே கிடக்கிறது. அந்த மாட்டின் எலும்பு பின்னாளில் பல் மருத்துவர் தாடையில் நிரப்பும் எலும்புத் தூளாகலாம். இதயத்தைச் சுற்றியிருந்த உறை மனித இதயத்துக்கான வால்வாகலாம்.

உணவுப் பாதுகாப்பு, நீர் மாசு, உயிர்மருத்துவப் பொருட்கள் என்ற மூன்று ஆய்வுகளும் கால்நடை மருத்துவப் பீடம் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடப்பதற்குக் காரணம் இதுதான். மூன்றுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: விலங்கின் உடலுக்குள் என்ன போனது, எந்த உறுப்பில் எவ்வளவு தங்கியது, எந்த வழியில் எப்போது வெளியேறியது? வேதியியலாளர் அளவைச் சொல்வார். அந்த அளவு சிறுநீரகத்தை என்ன செய்தது என்பதைப் பிணக்கூறாய்வு மேசையில் நின்று பார்க்கத் தெரிந்தவர் கால்நடை மருத்துவர்.

இந்த உறவு புதிதல்ல. சால்மோனெல்லா என்ற பெயரே டேனியல் எல்மர் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் துருவிப் போனபோது கிடைத்ததுதான் அஃப்ளாடாக்சின். மனிதக் கல்லீரல் புற்றுநோயின் முக்கியக் காரணிகளில் ஒன்று பறவைகளின் சாவிலிருந்து தெரியவந்தது.

பாலில் எஞ்சுவது

பாலில் பென்சில்பெனிசிலின் எச்சத்துக்கு, சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். இது எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 10,000 லிட்டர் தொட்டிப் பாலை அந்த வரம்புக்குக் கொண்டுவர வெறும் 40 மில்லிகிராம் பெனிசிலின் போதும். மடிக்குள் செலுத்தும் ஒரு குழல் மருந்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். சிகிச்சையில் இருக்கும் ஒரே ஒரு மாட்டின் பால் தவறுதலாகக் கலந்தால் முழுத் தொட்டியும் போயிற்று. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆபத்து. பால் பதப்படுத்தும் ஆலைக்கோ வேறு தொல்லை: உறைநுண்ணுயிர் வளராமல் தயிரும் பாலாடைக்கட்டியும் சரியாக உறையாது.

இதைத் தடுக்கத்தான் விலக்குக் காலம். கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் விற்கக்கூடாது என்பது மருந்துப் பெட்டியில் அச்சாகியிருக்கும். அந்த எண் சராசரி விலங்கை வைத்து வருவதல்ல. குறிப்பிட்ட கால இடைவெளிகளில் சில விலங்குகள் வீதம் அறுத்து, கல்லீரல், சிறுநீரகம், தசை, கொழுப்பு, ஊசி போட்ட இடம் எனத் தனித்தனியாக அளக்கிறார்கள். பிறகு, 100 விலங்குகளில் 95 விலங்குகளாவது வரம்புக்குக் கீழே வந்திருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய நாளை ஐரோப்பிய முறை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க முறை அதே உறுதியோடு 99 விலங்குகளைக் கேட்கிறது.

அப்படியிருந்தும் எச்சம் ஏன் வருகிறது? ஓர் உதாரணக் கணக்கு. பாலில் லிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் இருந்த மருந்து 4க்கு இறங்க 8 அரைவாழ்வுக் காலம் (அளவு பாதியாகக் குறையும் காலம்) வேண்டும். அரைவாழ்வு 3 மணி நேரமானால் 24 மணி நேரத்தில் தீரும். மடி வீங்கி, பால் முழுதாக இறங்காமல், அரைவாழ்வு 6 மணி நேரமாக நீண்டால் 48 மணி நேரம் ஆகும். பெட்டியில் அச்சான எண் அந்த மாட்டுக்குப் பொருந்தாது. சிறுநீரகம் கெட்ட மாடு, பரிந்துரைக்கு மேல் கொடுத்த அளவு, ஒரே இடத்தில் அதிக மருந்தை ஏற்றியது, பால் வற்றிய காலத்துக்கான குழலைக் கறவை மாட்டுக்குச் செலுத்தியது எல்லாம் இதே விளைவைத் தருகின்றன. அமெரிக்காவில் 1982 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் ஃபாராட் என்ற தரவு மையத்தின் வேலையே, பெட்டிக் குறிப்புக்கு வெளியே மருந்து கொடுத்த விலங்குக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான்.

சோதனையில் முதல் சல்லடை மலிவானது, எளியது. ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற வெப்பம் விரும்பும் பாக்டீரியாவின் வித்துகளை ஊதாநிறக் காட்டியோடு ஜெல்லில் வைத்திருப்பார்கள். அதன்மேல் 0.1 மில்லிலிட்டர் பாலை விட்டு 64 டிகிரி செல்சியஸில் சுமார் 3 மணி நேரம் வைக்க வேண்டும். மருந்து இல்லையென்றால் பாக்டீரியா வளர்ந்து அமிலம் சுரக்கும், ஜெல் மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். இதில் இரண்டு குழிகள் உண்டு. மடிநோய்ப் பாலிலும் கன்று ஈன்றவுடன் வரும் சீம்பாலிலும் லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற இயற்கைத் தடுப்பான்கள் நிறைய இருப்பதால் மருந்தே இல்லாத பாலும் ஊதாவாக நிற்கலாம். அந்தப் பாலை 80 டிகிரிக்குச் சற்று மேல் சில நிமிடம் சூடாக்கி மறுபடி சோதித்தால் புரதத் தடுப்பான்கள் செயலிழக்கும், பெரும்பாலான மருந்துகள் தாங்கும். இரண்டாவது குழி இதைவிட ஆழம்: இந்தப் பாக்டீரியா குயினோலோன் மருந்துகளை அவற்றின் வரம்பு அளவில் உணர்வதில்லை. மஞ்சள் நிறம் வந்தது என்பதற்காக எந்த மருந்தும் இல்லை என்று எழுதிவிட முடியாது.

அதனால் கலவையைப் பிரித்து ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் நிறையால் அடையாளம் காணும், நிறைமாலைமானி பொருத்திய திரவ நிறப்பிரிகைக் கருவிக்குப் போகிறார்கள். 10 கிராம் மாதிரி, 10 மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல், 4 கிராம் நீரற்ற மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு. குலுக்கி, சுழற்றி, மேலே தெளியும் கரைப்பானை எடுத்துக் கொழுப்பு நீக்கிச் செலுத்துவது பரவலான வழி. கருவி மிக நுணுக்கமானது. ஆனால் பாலின் கொழுப்பும் புரதமும் அயனியாக்கத்தை அமுக்கிவிடும், 10 இருக்கும் இடத்தில் 6 என்று காட்டும். தூய கரைப்பானில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து போட்ட அளவுகோலை வைத்துப் பாலை அளந்தால் தவறு தப்பாது. மருந்து சேராத பாலிலேயே அளவுகோல் போட வேண்டும், அதே மருந்தின் ஐசோடோப்பு ஏற்றிய வடிவையும் ஒப்பிட அகச்சான்றாகச் சேர்க்க வேண்டும். விலை உயர்ந்த கருவி இருந்தும் பிழையான முடிவு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அஃப்ளாடாக்சின் வேறு வகைத் தலைவலி. தீவனத்திலுள்ள பி1 நச்சில் சுமார் 1 முதல் 2 சதவீதம் எம்1 என்ற வடிவில் பாலுக்கு வருகிறது. அதிகம் கறக்கும் மாடுகளில் இது 6 சதவீதம் வரைகூடப் போகும். கெட்ட தீவனம் தின்ற ஒரே நாளில் பாலில் தெரியும், தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாளில் மறையும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. கேசின் புரதத்தோடு ஒட்டுவதால் பாலாடைக்கட்டியில் பாலைவிட அடர்த்தியாகிறது. கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய வரம்பு 0.05. தீவன மூட்டையில் நச்சு ஒரே சீராகப் பரவியிருக்காது. சில பூஞ்சைக் கட்டிகளில் குவிந்திருக்கும், மற்ற இடம் சுத்தமாக இருக்கும். ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளிச் சோதித்து நல்ல தீவனம் என்று சான்று கொடுப்பது ஆபத்தான பழக்கம். பல இடத்தில் துளையிட்டு எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, அதிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும்.

கிருமிச் சோதனையிலும் பொறுமைக்குப் பலன் உண்டு. சால்மோனெல்லாவுக்கு 25 கிராம் உணவை 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் முதலில் சுமார் 18 மணி நேரம் வளர விடுகிறார்கள். குளிரிலும் உப்பிலும் காயப்பட்ட கிருமி முதலில் தேற வேண்டும். அவசரப்பட்டு நேராகக் கடுமையான தேர்வு ஊடகத்தில் போட்டால் அது அங்கேயே சாகும், அறிக்கையில் ‘இல்லை’ என்று வரும், சாப்பிட்டவர் வயிற்றில் வளரும்.

தண்ணீருக்குப் போனது

நீர் நஞ்சானதை விலங்குகள் நமக்கு முன்பே சொல்லியிருக்கின்றன. 1878இல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி மிதந்த நீரைக் குடித்த ஆடுமாடுகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் எழுதியதுதான் நீலப்பச்சைப் பாசி நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் பதிவுகளில் ஒன்று. ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில் பூனைகள் வெறிகொண்டதுபோல் துள்ளிச் செத்தன. 1959இல் அங்கிருந்த ரசாயனத் தொழிற்சாலையின் மருத்துவமனை மருத்துவர் ஹொசோகாவா ஹாஜிமே, அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவைத் தீவனத்தில் கலந்து 400ஆம் எண் பூனைக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அதற்கு அதே நோய் வந்தது. அந்த முடிவு அப்போது வெளியே வரவிடப்படவில்லை. மெத்தில் பாதரசம் கலந்த கழிவு தொடர்ந்து கடலுக்குப் போனது.

இன்றைய மாசு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. விலங்குக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கு மாறாமலே வெளியேறுகிறது. சல்ஃபா மருந்துகளில் ஒரு தந்திரம் உண்டு. உடல் அவற்றில் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்துச் செயலிழக்க வைத்து அனுப்புகிறது, எருக்குழியின் நுண்ணுயிர்கள் அந்தத் தொகுதியைக் கழற்றி மருந்தை மீட்டுவிடுகின்றன. சிறுநீரில் அளந்ததைவிட எருவில் அதிகம் இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. மண்ணில் டெட்ராசைக்ளின் களிமண்ணோடு ஒட்டி மேலேயே நிற்கும், சல்ஃபா நீரோடு இறங்கி நிலத்தடிக்குப் போகும். ஆகவே கிணற்றில் எதைத் தேடுவது, ஆற்றுச் சேற்றில் எதைத் தேடுவது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். நீரில் டெட்ராசைக்ளின் இல்லை என்பதால் அந்த இடமே சுத்தம் என்றாகாது.

குடற்புழு நீக்க மருந்தான ஐவர்மெக்டின் மண்ணில் இறுக ஒட்டும், நீரில் மிகக் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவும் சிறிதல்ல: லிட்டருக்கு 6 நானோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளில் பாதி 48 மணி நேரத்தில் செத்ததாக ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. மீன்களின் உணவுச் சங்கிலியில் முதல் படிகளில் நிற்கும் உயிர் அது. மாடு கொழுக்கக் கொடுக்கும் ட்ரென்போலோன் ஹார்மோனின் சிதைபொருட்கள் வெயிலில் உடைந்து, இருளில் மீண்டும் பழைய உருவுக்குத் திரும்புவதை 2013இல் கண்டறிந்தார்கள். நண்பகலில் ஒரு பாட்டில் நீர் எடுத்து முடிவு எழுதுபவருக்கு இரவில் அந்த நீரில் நீந்தும் மீன் சந்திக்கும் அளவு தெரியாது.

ஒரே மூலக்கூறு இரண்டு சூழலில் ஒரே உறுப்பைத் தாக்கியதற்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி நல்ல சான்று. தெற்காசியாவின் மூன்று வகைப் பாறு கழுகுகள் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்தபோது தொற்றுநோயைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். செத்த பறவைகளைத் திறந்தால் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செத்ததன் அடையாளம். செத்த மாட்டின் இறைச்சியில் இருந்த டைக்ளோஃபெனாக்தான் காரணம் என்பது 2004இல் உறுதியானது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தன. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில், லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் டைக்ளோஃபெனாக் உள்ள நீரில் 4 வாரம் வைத்த ட்ரவுட் மீன்களின் செவுளிலும் சிறுநீரகத்திலும் சிதைவு தென்பட்டது.

மாதிரி எடுப்பது ஆய்வின் மிக அலுப்பான பகுதி. அங்கே கோட்டை விட்டால் பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. நீரைப் பழுப்புக் கண்ணாடியில் எடுத்து 4 டிகிரியில் கொண்டுவருவது பொதுவிதி. ஆனால் டெட்ராசைக்ளின் கண்ணாடிச் சுவரில் ஒட்டும், அதற்குப் பாலிப்ரொப்பிலீன் பாட்டில் மேல். நீரிலுள்ள கால்சியத்தோடும் அது பிணையும், அதனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த நீரானால் எடுத்தவுடன் சோடியம் தயோசல்பேட் சேர்க்காவிட்டால் வழியிலேயே மருந்து சிதைந்துவிடும். பிறகு கண்ணாடியிழை வடிகட்டியில் வடித்து, மெத்தனால், நீர் என்ற வரிசையில் நனைத்துத் தயார்செய்த, மருந்தைப் பிடித்துவைக்கும் உறிஞ்சு குழாயில் 500 மில்லிலிட்டரை நிமிடத்துக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் வேகத்தில் இறக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் மருந்து பிடிபடாமல் ஓடிவிடும். இடையில் குழாய் காய்ந்தாலும் அதே கதி. பாசி நஞ்சை அளக்கும்போதோ வடிகட்டுவதே தவறாகலாம். உயிருள்ள பாசியில் நஞ்சு பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கிறது. உறையவைத்து உருக்கிச் செல்லை உடைத்த பிறகு அளந்தால்தான் மொத்த அளவு வரும்.

நச்சுத்தன்மையை வரிக்குதிரை மீன் கருக்களில் 96 மணி நேரம் பார்ப்பது இப்போது பரவலான முறை. ஒரு செறிவுக்கு 20 கரு, 26 டிகிரி வெப்பம். கரு உறைந்துபோதல், உடற்கணுக்கள் தோன்றாமை, வால் பிரியாமை, இதயத்துடிப்பு இல்லாமை என நான்கு அறிகுறிகளை நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நச்சென்று தெரிந்த டைக்குளோரோஅனிலினை லிட்டருக்கு 4 மில்லிகிராம் கொடுத்த ஒப்பீட்டுக் கருக்களில் குறைந்தது 30 சதவீதம் சாகாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. அந்தக் கருக்கள் நச்சை எளிதில் உணராத கூட்டமாக இருக்கக்கூடும்.

வளர்ந்த மீனின் செவுளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் நிறையத் தவறு நடக்கிறது. செத்த மீனின் செவுள் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும், மேல்தோல் தூக்கிக்கொள்ளும். தாமதமாக ஃபார்மலினில் போட்ட செவுளில் தெரியும் அந்தத் தூக்கலை ‘மாசின் விளைவு’ என்று படத்தோடு அச்சிட்ட கட்டுரைகள் இருக்கின்றன. சுத்தமான நீரில் வளர்ந்த மீனையும் அதே கையால், அதே நேரக் கணக்கில் பதப்படுத்தி, எது எதன் கண்ணாடித் தகடு என்று தெரியாமல் படிக்க வேண்டும். இதைச் செய்யாத செவுள் ஆய்வை நம்ப வேண்டாம்.

உடலுக்குள் வைப்பது

மூன்றாவது துறையில் விலங்கு மூன்று இடத்தில் நிற்கிறது: மூலப்பொருளாக, சோதனை உடலாக, நோயாளியாக. மாட்டின் இதயவுறையை எடுத்துக்கொள்வோம். அறுத்த சில மணி நேரத்துக்குள் பனிக்குளிரில் கொண்டுவந்து, கொழுப்பைச் சுரண்டி, உப்புச் செறிவு குறைந்த கரைசலில் ஊறவைத்தால் செல்கள் உப்பி வெடிக்கும். பிறகு 0.1 சதவீத அளவில் சோடியம் டோடெசைல் சல்பேட் போன்ற சோப்புப் பொருளால் செல் எச்சங்களை வெளியேற்றி, டிஎன்ஏவை நொதியால் அறுத்து, பலமுறை அலச வேண்டும். எஞ்சுவது கொலாஜன் சட்டகம். உலர் எடையில் மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் கீழே டிஎன்ஏ, டிஎன்ஏ துண்டுகளின் நீளம் 200 கார இணைக்குக் கீழே, சாயமேற்றிப் பார்த்தால் உட்கரு எதுவும் தெரியாமை: 2011இல் முன்வைக்கப்பட்ட இந்த மூன்று அளவுகோல்களையே பலரும் பின்பற்றுகிறார்கள். சோப்பு அதிகமானால் கொலாஜன் இழை நொறுங்கும். அலசல் குறைந்தால் எஞ்சிய சோப்பு செல்களைக் கொல்லும், பழி சட்டகத்தின்மேல் விழும். சட்டகத்தை 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து எடுத்த சாற்றில் செல்களில் 70 சதவீதமாவது உயிரோடு இருக்காவிட்டால் அது செல்நச்சு என்றே கணக்கு.

இங்கே உணவுப் பாதுகாப்பு அறை மீண்டும் வருகிறது. அறுவைக்கூடத்தில் திசு வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா பெருகும். காமாக் கதிர் அதைக் கொன்றுவிடும், ஆனால் அதன் சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு கதிருக்குச் சாகாது. கிருமியற்றது என்று சான்று பெற்ற பொருள் உடலுக்குள் காய்ச்சலையும் அழற்சியையும் எழுப்புவது இதனால்தான். உலோகமானால் 250 டிகிரியில் சுட்டுப் போக்கலாம், கொலாஜனைச் சுட முடியாது, ஜெலட்டினாகிவிடும். குளிர்ச் சங்கிலியைத் தவிர வேறு மருந்து இல்லை.

எலும்புக்கு நீர் அறையோடு உறவு. எலும்பைக் கொழுப்பு நீக்கி 600 முதல் 900 டிகிரி வரை சுட்டால் எலும்பின் கால்சியத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட் கிடைக்கிறது. எலும்பு நிரப்பும் தூள் இதுதான். ஈயமும் ஃப்ளோரைடும் வாழ்நாள் முழுக்க எலும்பில் சேர்பவை, சூளையில் ஆவியாகிவிடும் என்று நம்ப முடியாது. மாடு எந்த நீரைக் குடித்தது என்பது தூளின் தரத்தில் தெரியும். எலும்பின் இந்தக் குணமே திரும்பி நீருக்கு உதவுகிறது. காற்றைக் குறைத்து 400 முதல் 500 டிகிரியில் கரியாக்கிய எலும்பு, நீரிலுள்ள ஃப்ளோரைடை உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க வல்லது. சூடு குறைந்தால் நீர் நாறும், மீறினால் கரி வெளுத்து ஃப்ளோரைடைப் பிடிக்கும் திறன் விழும்.

முதலில் சொன்ன டெட்ராசைக்ளினும் இங்கே வந்து சேர்கிறது. புதிதாக வளரும் எலும்பில் அது படிந்து புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிர்வதால், எலும்பில் பொருத்திய உள்வைப்பைச் சுற்றி எலும்பு நாளுக்கு எத்தனை மைக்ரோமீட்டர் வளர்ந்தது என்று அளக்க அதையே இரண்டு தவணை கொடுத்து, இரண்டு ஒளிக்கோடுகளின் இடைவெளியைப் பார்க்கிறார்கள். சோதனை ஆட்டுக்கு நடுவில் சளிக்காகவோ புண்ணுக்காகவோ அதே மருந்தைக் கொடுத்திருந்தால் மூன்றாவது கோடு ஒன்று விழுந்து கணக்கு குழம்பும். சிகிச்சைப் பதிவேடு இல்லாத விலங்கு பால் சோதனைக்கு மட்டுமல்ல, எலும்பு ஆய்வுக்கும் உதவாது.

விலங்குச் சோதனைக்குத் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்திய வால்வு எவ்வளவு விரைவாகச் சுண்ணாம்பேறும் என்பதைக் குட்டி ஆடுகளில் சுமார் 5 மாதம் வைத்துப் பார்க்கிறார்கள். வளரும் ஆட்டின் கால்சிய ஓட்டம் வேகமானது. ஆனால் ஆடு, மாடு, பன்றி எல்லாவற்றின் திசுவிலும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை இருக்கிறது, மனிதரிடம் இல்லை. நமது ரத்தத்தில் அதற்கெதிரான எதிர்ப்பொருள் பிறந்த சில மாதங்களிலிருந்தே உருவாகிறது. ஆட்டில் அமைதியாக இருந்த திசுவை மனித உடல் அடையாளம் கண்டு தாக்கலாம். அந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய பன்றிகளை உருவாக்கியது இதற்காகத்தான்.

விலங்கே நோயாளியாகும்போது பொருள் வேறு விதமாகச் சோதிக்கப்படுகிறது. 2017 இறுதியில் கலிஃபோர்னியாவின் தாமஸ் தீயில் பாதம் வெந்த இரண்டு கரடிகளுக்கு, டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்களும் மாநில வனவிலங்குத் துறையும் கிருமி நீக்கிய திலாப்பியா மீன்தோலைத் தைத்தார்கள். மேலே சுற்றியது அரிசித்தாளும் மக்காச்சோள உமியும். கரடி காயக்கட்டைக் கடித்துத் தின்னும் என்பது தெரிந்ததே. துணியும் பிசினும் குடலை அடைக்கும், இவை செரித்துவிடும்.

2022 ஜனவரியில் மரபணு மாற்றிய பன்றியின் இதயம் மேரிலாந்தில் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்த இதயத்தோடு பன்றி சைட்டோமெகலோ வைரஸும் போயிருந்தது பிறகு தெரிந்தது. பன்றியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் அது பிடிபடவில்லை. வைரஸ் திசுவுக்குள் உறங்கிக் கிடந்தது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடியிருந்தால் தெரிந்திருக்கும் என்பது பின்னர் எட்டிய முடிவு. மந்தையிலிருந்து இந்த வைரஸை நீக்கும் வழி பன்றி வளர்ப்பு மருத்துவத்தில் ஏற்கெனவே உள்ளதுதான்: பிறந்த ஓரிரு நாளில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கொட்டிலில் வளர்ப்பது, வளர்ந்த பின்னும் ரத்தத்தை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி சோதிப்பது.